இருவர் கூற்றும் முற்றிலும் உண்மை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

“ஏனுங்க டீச்சர், இங்க கத்துக்கிட்டது அங்க போனாப் பத்துமுங்களா?”

ஆயத்தப் படிப்பின் கடைசி நாளில் துளசிமணி என்னிடம் கேட்ட கேள்வி இது. மே மாதம். வகுப்பறையிலேயே எல்லோரும் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “தாராளமாப் பத்தும்” என்று சொல்லி அவள் இலையில் இன்னொரு வடையை வைத்தேன்.

இன்று ஆடிப்பெருக்கு. தேங்காய்ப்பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது துளசிமணி வந்தாள். முகம் சரியில்லை. பைக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

துளசிமணி இங்கே உடுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். நாற்பத்தேழு வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்படிப் பாதியில் நின்றவர்கள் நேராகப் பட்டப்படிப்பில் சேர முடியாது. அவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயத்தப் படிப்பு நடத்துகிறது. அதில் தேறினால் அஞ்சல் வழியில் பி.ஏ. சேரலாம். அங்கே கட்டுரை எழுதச் சொல்லித்தருவது என் பொறுப்பு. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு ஞாயிறு என்று ஒரு கிழமை இருப்பதே இதனால்தான்.

துளசிமணி தேறி, பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். முதல் அசைன்மென்ட் இப்போது திரும்பி வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் இப்படி இருந்தது: “உங்கள் கருத்து எங்கே? செப்டம்பர் 8-க்குள் மாற்றி எழுதி அனுப்பவும்.”

அனுப்பாவிட்டால் இந்தப் பாடத்தை அடுத்த வருடம்தான் எழுத முடியும்.

“என்ற கருத்து எதுக்குங்க டீச்சர்?” என்றாள் சமையலறையிலிருந்து. “அத்தன படிச்ச பெரியவங்க ரெண்டு பேரு புஸ்தகம் எழுதியிருக்கறாங்க. நடுவுல நான் யாருங்க?”

பாலை நன்றாகக் காய்ச்சியிருந்தாள். அடிப்பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுப் பழனாத்தாளின் மகன் இன்றும் தன் வேனை என் கேட்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்தான். “கஷ்டமா இருக்குதுங்களா டீச்சர்?” என்று கேட்டான். “அதெல்லாம் இல்ல கண்ணு” என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்க இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

துளசிமணியின் கட்டுரையைப் படித்தேன். கேள்வி: “பேருந்துப் போக்குவரத்து கிராமச் சந்தைகளை எவ்வாறு மாற்றியது? இரு நூல்களை ஒப்பிட்டு எழுதுக.”

கட்டுரை இப்படித் தொடங்குகிறது: “இக்கட்டுரைக்குக் கருத்துகள் வழங்கிச் சிறப்பித்த மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும், மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கும் முதற்கண் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

நூலாசிரியர்கள் இருவரையும் வாசலில் நின்று பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்பதுபோல் இருந்தது. சிரித்துவிட்டேன். பிறகு உள்ளே போகப்போகச் சிரிப்பு நின்றது. அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள். ஐயா எழுதிய தடித்த புத்தகத்தை மூன்று பத்தியில் சுருக்கியிருக்கிறாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அம்மையாரின் புத்தகத்தையும் அப்படியே. மேற்கோள் காட்டிய இடமெல்லாம் பக்க எண் சரியாக இருக்கிறது. ஓரம் விட்டிருக்கிறாள். பத்தி பிரித்திருக்கிறாள். நான் சொல்லித்தந்தது எதையும் அவள் மறக்கவில்லை.

முடிவில்தான் சிக்கல்: “பேருந்து வந்ததால் கிராமச் சந்தைகள் நலிந்தன என்கிறார் ஐயா அவர்கள். பேருந்து வந்ததால் கிராமச் சந்தைகள் வளர்ந்தன என்கிறார் அம்மையார் அவர்கள். இருவர் கூற்றும் முற்றிலும் உண்மை.”

சுருக்கி எழுதுவதைப் பற்றி வகுப்பில் எப்போதும் ஒரு உதாரணம் சொல்வேன். ஒரு கூடை மாங்காயை ஒரு ஜாடி ஊறுகாய் ஆக்குகிறோம். மாங்காய் அவர்களுடையது, அது மாறக் கூடாது. உப்பும் காரமும் நம்முடையவை. துளசிமணியின் ஜாடியில் மாங்காய் அத்தனையும் இருக்கிறது. உப்பும் காரமும் போடாமல் மூடிவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடி மாதம் மண்டபத்தில் கல்யாணம் இல்லை. அதனால் துளசிமணிக்கு ஓய்வு. மதியம் அவளையும் மயில்சாமியையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மயில்சாமி மின்வாரியத்தில் லைன்மேன். அவளோடு ஆயத்தப் படிப்பில் இருந்தவர். இப்போது அதே பி.ஏ. அவருடைய கட்டுரை தப்பித்துவிட்டது. மொத்தமே ஒரு பக்கம்.

“ஒரு பக்கத்துல எப்படிங்க பாஸ் பண்ணுனீங்க?” என்று கேட்டேன்.

“மின்கம்பத்துல போர்டு வெப்போமில்லீங்களா டீச்சர், தொடாதே, அபாயம்னு. அந்த மாதிரி எழுதிட்டேன். அந்தம்மா சொல்றது தப்பு, ஐயா சொல்றது சரி, காரணம் இது, முடிஞ்சுது.”

துளசிமணி அதிர்ந்துபோனாள். “அந்தம்மாளத் தப்புன்னா எழுதிட்ட மயிலு?”

“அவங்க என்ன நம்ம ஊட்டுக்கு விருந்துக்கா வந்திருக்கறாங்க, அக்கா?”

நான் ஒரு யோசனை செய்தேன். ஒரு சின்னப் பட்டிமன்றம். மயில்சாமி ஐயாவின் கட்சி. நான் அம்மையாரின் கட்சி. துளசிமணி நடுவர். மயில்சாமி நாற்காலியைத் தட்டித் தட்டிப் பேசினார். நானும் விடவில்லை. பழனாத்தாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் நடுவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“மயில்சாமி சொன்னதுல ஞாயம் இருக்குதுங்க. டீச்சர் சொன்னதுலயும் ஞாயம் இருக்குதுங்க. ரெண்டு பேருமே நம்மளச் சிந்திக்க வெச்சாங்க. ரெண்டு பேருக்கும் நன்றி.”

மயில்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “தீர்ப்புச் சொல்லச் சொன்னா, ரெண்டு சம்பந்தியையும் பக்கத்துப் பக்கத்து எலயில உக்கார வெச்சுப்போட்டீங்களேக்கா.”

“அதுதானப்பா என்ற வேல” என்றாள் துளசிமணி. “ரெண்டு பக்கமும் மொகம் சுளிக்காமப் போவோணும். இருவது வருசமா அதையேதான் பண்றேன்.”

பட்டிமன்றம் தவறான உதாரணமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நான் கேட்ட பட்டிமன்றங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிந்தன.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் முனைவர் கிருபாகரன் போன் செய்தார். இளைஞர். நல்ல மனிதர். என்னிடம் எப்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார், போனில்கூட அப்படித்தான் நிற்கிறார் என்று தோன்றும்.

“டீச்சர், நம்ம ஆளுக பல பேருக்கு மொத அசைன்மென்ட்டே திரும்பி வந்துருச்சு. ஆயத்தப் படிப்பு அவங்களப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் பண்ணுதான்னு எனக்கே சந்தேகமா இருக்குது. பாவம், கஷ்டப்பட்டுப் படிச்சுட்டு அங்க போயி விழறாங்க. அடுத்த பேட்சுக்குக் கட்டுரை வகுப்ப எடுத்துட்டு, மாதிரி விடைப் புத்தகம் அச்சடிச்சுக் குடுத்துரலாம்னு பாக்கறேன். அதப் பாத்து எழுதினா எதுவும் திரும்பி வராது. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நல்ல யோசனைங்க சார்” என்றேன்.

“சந்தோசம் டீச்சர். ஆயத்தப் படிப்பு எந்த அளவுக்குப் பயன்பட்டுதுன்னு நீங்க ஒரு ரெண்டு பக்கம் அறிக்கை குடுத்தீங்கன்னா, அத வெச்சு மேல எழுதிருவேன். செப்டம்பர் கடைசிக்குள்ள போதும்.”

சரி என்றேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே இன்னொரு முறை களைந்துவிட்டேன் போலிருக்கிறது. சாப்பாடு சப்பென்று இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இனி முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் துளசிமணிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காலையில் போன் செய்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

“டீச்சர், போச்சாது உடுங்க. நான் நின்னுக்கறேன்.”

“எதிலிருந்தம்மிணி?”

“படிப்புலிருந்துதானுங்க. எனக்கு இது ஒத்து வரலீங்க. ஒருத்தர் சொன்னதக் கேட்டு நடக்கச் சொன்னாச் செய்வேன். ரெண்டு பெரியவங்கள நிக்க வெச்சு, இவங்க சொல்றது தப்புன்னு கை நீட்டறதுக்கு எனக்கு வராதுங்க.”

அவளுக்கு இந்த பி.ஏ. எதற்கு என்று எனக்குத் தெரியும். மண்டபத்துக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் அவள் வாங்கி வைப்பாள். அழைப்பவர் பெயர், சித்தப்பா பெயர், அத்தை பெயர், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பட்டம் இருக்கும். “என்ற பொண்ணு பத்திரிகையில என்ற பேரு மட்டும் மொட்டையா நிக்குமுங்க டீச்சர்” என்று முதல் வகுப்பிலேயே சொன்னாள். மகள் யாழினி திருப்பூரில் வேலை பார்க்கிறாள். அவளும் சாமர்த்தியசாலி. மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டால், “உன் பேருக்குப் பின்னால பி.ஏ. வரட்டும்மா, அப்பறம் பத்திரிகை அடிக்கலாம்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறாளாம்.

“யாழினி கிட்டச் சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“சொல்லலீங்க” என்றாள்.

“சொல்லாதே. முடிவு எதுவும் முகூர்த்தத்துக்கு நடுவுல எடுக்கக் கூடாது. செப்டம்பர் எட்டு வரைக்கும் இரு.”

ஆகஸ்ட் 18, திங்கள்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. வேறு பேனா தேடவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

மறுபடியும் உட்கார்ந்தேன். “ஒருங்கிணைப்பாளர் அவர்களின் மாதிரி விடைத் திட்டம் மிகவும் பாராட்டத்தக்கது” என்று ஒரு வரி எழுதினேன். அதற்குமேல் வரவில்லை. நார்த்தங்காய் வாங்கி வைத்து நாளாகிவிட்டது, அதை நறுக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

என்னோடு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்த ருக்மணியின் மகளுக்குக் கல்யாணம். துளசிமணியின் மண்டபத்தில்தான். முகூர்த்தம் முடிந்து போட்டோ எடுக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வெள்ளை வேட்டியில் மேடை நடுவில் நின்றுகொண்டு, எங்கள் பக்கத்து உறவெல்லாம் போட்டோ எடுத்து முடிக்கும்வரை யாரும் பந்திக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கீழே பந்தியில் இலை போட்டாகிவிட்டது. ருக்மணியின் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்ல முடியும்?

துளசிமணி மேடைக்கு ஏறினாள். பட்டுச் சேலை, கழுத்தில் சாவிக்கொத்து.

“மாமா, நீங்க சொல்றது நெசந்தானுங்க. நாளைக்கு ஆல்பத்தத் தொறந்து பாக்கறப்ப ஒருத்தர் இல்லீன்னா மனசுக்குக் கஷ்டமாப் போயிருமுங்க. அதும் உங்க ஒறம்பரைக தாராபுரத்துலிருந்து விடியக்காலம் கெளம்பி வந்திருக்கறாங்க. ஒருத்தரு உட்டுப்போகக் கூடாது.”

மாமா நிமிர்ந்து நின்றார். “அதத்தானம்மிணி நானுஞ் சொல்றேன்.”

“ஆனா விடியக்காலம் கெளம்புனவங்களுக்கு இந்நேரம் வயிறு காயுமுங்களே. இட்லி ஆறிப்போகுமுங்க. போட்டோ ஆறாதுங்க. பெரியவங்க மொதப் பந்தியில உக்காரட்டும். போட்டோக்காரத் தம்பிய நான் எங்கயும் போக உடமாட்டேன். நீங்க வந்து ஆரம்பிச்சு வெச்சாத்தான் மத்தவங்க எல முன்னால உக்காருவாங்க.”

மாமா இரண்டு நொடி யோசித்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, “ஏப்பா, எல்லாரும் வாங்க, சாப்புட்டுட்டு வந்து நிக்கலாம்” என்று தானே கூப்பிட்டார்.

கூட்டம் கலைந்ததும் துளசிமணியைச் சாமான் அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“இப்ப நீ அவரை மறுத்துப் பேசினே.”

“ஐயோ, இல்லீங்க டீச்சர். சாப்புடக் கூப்புட்டேன்.”

“அவர் சொன்னதை அவரைவிட நல்லாச் சொன்னே. அவரே தலையாட்டினார். அப்பறம் அது எந்த இடத்துல ஒத்துவரலைன்னு காட்டினே. காரணமும் சொன்னே. அதைத்தான் கட்டுரையில கேக்கறாங்க. கை நீட்டித் தப்புன்னு சொல்லச் சொல்லல.”

அவள் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“அந்தம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“மாமா கோவிச்சுக்கிட்டாரா?”

துளசிமணி கதவிடுக்கு வழியாகப் பந்தியை எட்டிப் பார்த்தாள். “ரெண்டாவது தடவ கேசரி வாங்கறாருங்க” என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சாமான் அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சமையல்காரர் என்ன நினைத்தாரோ.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று முகூர்த்தம் இல்லை. துளசிமணி இரண்டு புத்தகங்களோடும் வந்து சேர்ந்தாள். மயில்சாமியும் வந்தார். எங்கள் வீதியில் பீஸ் போயிருந்தது, அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“அந்தம்மா சொல்றத மொதல்ல அவங்களே தலையாட்டற மாதிரி சொல்லு” என்றேன்.

சொன்னாள். நன்றாகவே சொன்னாள். “சரி, இப்ப எங்க இட்லி ஆறுதுன்னு பாரு” என்றேன்.

வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினாள். நானும் மயில்சாமியும் நார்த்தங்காய் ஊறுகாயை ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு கொஞ்சம் முன்னால் நிற்கிறது.

“டீச்சர், ரெண்டு பேரும் ஒரே சந்தையப் பாக்கலீங்க” என்றாள் திடீரென்று. “ஐயா, ரோட்டோரத்துச் சின்னச் சின்னச் சந்தையா நெறைய ஊருக்குப் போயிருக்கறாரு. அந்தம்மா ஒரே ஒரு பெரிய மாட்டுச்சந்தைய வெச்சுத்தான் முழுப் புஸ்தகமும் எழுதியிருக்கறாங்க. மூணு பக்கத்துலிருந்து பஸ்சு வருதுங்க அங்க. வளராம என்ன பண்ணும்?”

“நல்லாப் பாத்தே. அதனால?”

“அதனால... ரெண்டு பேரு சொல்றதும் சரிதானுங்களே.”

மயில்சாமி ஊறுகாய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “மறுபடியும் பந்தியாக்கா?”

“இருப்பா.” அவள் கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். “கேள்வி கிராமச் சந்தைகளப் பத்தி. அந்தம்மா பாத்தது ஒரு பெரிய சந்தை. ஆனா கடைசி அத்தியாயத்துல, எல்லாக் கிராமச் சந்தையும் இப்படித்தான்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்கு அவங்க கிட்டச் சாட்சி இல்லீங்களே.”

அவள் பேனாவை எடுத்தாள்.

“பெரிய சந்தைகளைப் பொறுத்தவரை அம்மையார் காட்டும் சான்றுகள் வலுவானவை. ஆனால் ஒரு சந்தையை வைத்து எல்லாக் கிராமச் சந்தைகளுக்கும் முடிவு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.”

எழுதி முடித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தாள், யாரோ எழுதியது போல. பிறகு குனிந்து அதற்கடுத்து ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன்: “அம்மையார் அவர்கள் மன்னிக்க வேண்டும்.”

அதை மட்டும் அடிக்கச் சொன்னேன். அரை மனதோடு அடித்தாள்.

“அப்ப ஐயாவையும் ஒரு கேள்வி கேட்டுரட்டுங்களா?” என்றாள் அப்புறம். “அவரு பஸ்சு வர்றதுக்கு முன்னால சந்தை எப்படி இருந்துச்சுன்னே சொல்லலீங்க. முன்னால இருந்தது தெரியாம நலிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றதுங்க?”

“பாத்து, அக்கா” என்றார் மயில்சாமி. “இத்தன நாள் யாரையும் சொல்லமாட்டேன்னீங்க. இப்ப ரெண்டு சம்பந்தியையும் எந்திரிக்கச் சொல்றீங்க.”

“எந்திரிக்கச் சொல்லலப்பா” என்றாள். “எல மாறி உக்காந்திருக்கறாங்க. சரி பண்றேன்.”

இருட்டும்வரை எழுதினாள். நான் விளக்கைப் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கட்டுரை ஸ்பீடு போஸ்ட்டில் போய்விட்டது. முகூர்த்தத்துக்கு நடுவே ஆட்டோவில் வந்து அனுப்பிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினாளாம். தலையில் இன்னும் மல்லிகைப்பூ வாடவில்லை என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பழனாத்தாளின் மகன் வேனை நிறுத்திக்கொண்டிருந்தான். குடத்தோடு நின்றேன். “உனக்கும் வண்டி நிறுத்த நெழலு வேணும் கண்ணு, இந்த வேப்பமரத்த உட்டா நம்ம வீதியில நெழலே இல்ல. ஆனா எனக்குத் தண்ணி எடுத்துட்டுப் போக வழி வேணுமே” என்றேன். அவன் உடனே வேனைப் பின்னால் எடுத்து, மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டான். அங்கேயும் நிழல்தான். “மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர்” என்றான்.

குடத்தை நேராகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அறிக்கை எழுதி முடித்தேன். பழைய வரியை எடுத்துவிட்டேன். முக்கியமான பகுதியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

“மாதிரி விடைப் புத்தகம் இருந்தால் கட்டுரைகள் திரும்பி வருவது குறையும் என்று ஒருங்கிணைப்பாளர் கருதுகிறார். அவர் கவலை மாணவர்களின் நலன் பற்றியது. வயதில் மூத்து, வேலைக்கு நடுவே படிக்க வருகிறவர்கள் முதல் தோல்வியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. நானே இந்த வருடம் அதைப் பார்த்தேன்.

ஆனால் இந்தத் திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்பி வந்த மற்றவர்களின் கட்டுரைகளையும் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தேன். பிழை எழுத்தில் இல்லை, அமைப்பில் இல்லை. சுருக்கி எழுதவும், மேற்கோள் காட்டவும், பத்தி பிரிக்கவும் நம் மாணவர்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். அந்த அளவுக்கு ஆயத்தப் படிப்பு அவர்களைத் தயார்செய்திருக்கிறது. தயார்செய்யாதது ஒன்றுதான். தாம் மதிக்கும் ஒருவரின் கருத்தோடு எழுத்தில் உடன்படாமல் இருப்பது எப்படி என்பதை நாம் சொல்லித்தரவில்லை. வாழ்க்கையில் மரியாதையாகப் பழகித் தேர்ந்தவர்களுக்கு இது சின்னப் பிள்ளைகளைவிடக் கஷ்டம். மாதிரி விடை இதைக் கற்றுத்தராது. இன்னொருவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதற்குத்தான் பழக்கும். அதில் அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள். ஆகவே கட்டுரை வகுப்பு தொடர வேண்டும், இந்த ஒன்றுக்காக நான்கு ஞாயிறு கூடுதலாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

துளசிமணியிடம் கேட்டு, அவள் கட்டுரையின் இரண்டு வடிவங்களையும் பெயரில்லாமல் பின்னால் இணைத்தேன். மதியமே தபால் பெட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது கடையில் நின்று ஒரு இளநீர் குடித்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கிருபாகரன் போன் செய்தார்.

“டீச்சர், அறிக்கைய ரெண்டு தடவ படிச்சேன். இத்தன வருசத்துல நீங்க எனக்கு வேண்டாம்னு சொன்னது இதுதான் மொத தடவ.”

“கோவமுங்களா சார்?”

“இல்லைங்க டீச்சர். நீங்க அன்னைக்கு நல்ல யோசனைன்னு சொன்னதுதான் இப்ப ஆச்சரியமா இருக்குது.” சிரித்தார். “ஆனா எனக்கு மேல கேப்பாங்க. நீங்க இணைச்ச கட்டுரை, ரெண்டாவதா எழுதினது பாஸ் ஆச்சுன்னா உங்க பக்கம் வெயிட்டு. மறுபடியும் திரும்பி வந்துச்சுன்னா மாதிரி விடைதான். சரிங்களா?”

யோசித்தேன். ஒரு கட்டுரையை வைத்து எல்லாக் கட்டுரைக்கும் முடிவு சொல்வது சரியில்லை என்று அவரிடம் சொன்னேன்.

“ஞாயந்தான்” என்றார். “இருந்தாலும் வரட்டும், பாக்கலாம்.”

துளசிமணியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் சுமை அவளுக்குப் போதும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்னும் வரவில்லை. மயில்சாமி தினமும் அவளுக்குப் போன் செய்து, “கரண்ட் வந்துருச்சாக்கா?” என்று கேட்கிறாராம். தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைத்து வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். துளசிமணி செருப்போடு சமையலறை வரைக்கும் வந்துவிட்டாள். கையில் உறை. யாழினியும் பின்னால் வந்தாள், தீபாவளிக்கு லீவில் வந்திருக்கிறாள். அவளை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். அம்மாவின் அதே நெற்றி.

“டீச்சர், அவங்க என்ற கூட ஒத்துக்கலீங்க” என்றாள் துளசிமணி.

என் கையிலிருந்த முறுக்கு அச்சு அப்படியே நின்றது. முகத்தைப் பார்த்தால் கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாழினிதான் தாளை விரித்து, சிவப்பு மையில் இருந்ததைப் படித்தாள்:

“‘ஒரு சந்தையை ஆழமாக ஆராய்ந்து பொது முடிவுக்கு வருவது ஆய்வில் ஏற்கப்பட்ட முறைதான். ஆகவே அம்மையாரைப் பற்றிய உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. எனினும் உங்கள் வாதம் தெளிவாகவும் நேர்மையாகவும் இருக்கிறது. ஐயாவின் நூல் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்வி சிறப்பு. தேர்ச்சி.’”

“பாத்தீங்களா டீச்சர்” என்றாள் துளசிமணி. “என்ற கருத்து எங்கன்னு கேட்டவங்க, இப்ப அதப் படிச்சுட்டு, இல்லைன்னு சொல்றாங்க. நான் சொன்னத முழுசாக் கேட்டுட்டுத்தானுங்களே இல்லைன்னு சொல்ல முடியும்?”

நான் அடுப்பை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மாவுக் கையோடு.

யாழினி மயில்சாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் எங்கேயோ கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார், காற்றுச் சத்தம் கேட்டது. முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“அக்கா, உங்களையும் ஒருத்தர் மதிச்சுச் சண்டைக்கு வந்துட்டாருங்க” என்றார். “எனக்கு வெறும் பாஸ்தான் போட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. அடுத்ததுல நானும் ரெண்டு பக்கம் எழுதறேன்.”

“எழுது மயிலு, நான் பாத்துத் தர்றேன்” என்றாள் துளசிமணி. பிறகு யாழினியிடம் திரும்பி, “இந்த மனுசனுக்கு ஒரு பதில் எழுதலாமாடி? அந்த மொறைய எல்லாச் சந்தைக்கும் போட முடியாதுன்னு இன்னொரு காரணம் இருக்குது” என்றாள்.

“அம்மா, பாஸ் ஆயிருச்சு. விட்டுரும்மா.”

“உடறதுக்கென்ன. அடுத்த அசைன்மென்ட்டுல வெச்சுக்கறேன்.”

முறுக்கை அவர்கள் இருவரும் சேர்ந்தே பிழிந்து முடித்தார்கள். நான் கிருபாகரனுக்குப் போன் செய்தேன். ஒரு கட்டுரையை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நீங்களே சொன்னீர்களே என்று கேலி செய்தார். ஆனால் நான்கு ஞாயிறும் கிடைத்துவிட்டது. மாதிரி விடைப் புத்தகமும் கூடவே அச்சாகும் என்கிறார். அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 1, சனி

நாளை புதிய பேட்ச். பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது. ஒரு தையல்காரர், ஒரு ரேஷன் கடை ஊழியர், பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒரு பெண், இன்னும் சிலர். முதல் வகுப்புக்கு இந்த முறை ஓரம் விடுவதையும் பத்தி பிரிப்பதையும் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. அது பிறகு வரும்.

அவர்களுக்குக் கொடுக்கப்போகும் பயிற்சி சின்னது. வகுப்புக்கு வராமல் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் செய்யலாம்: நீங்கள் மிகவும் மதிக்கும் ஒருவர் எழுதியதில் ஒரு பக்கத்தை எடுங்கள், அவர் சொல்வதை, அவரே படித்தால் தலையாட்டும்படி இரண்டு வரியில் எழுதுங்கள், பிறகு மூன்றாவது வரியில், எந்த இடத்தில் உங்களால் அவரோடு உடன்பட முடியவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள், மன்னிப்புக் கேட்காமல்.